திரைக்கு அந்தப் பக்கம் ராணிபாய்

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் தேசிங்குராஜன் தெருக்கூத்து நடந்தது. செஞ்சி ராஜா தேசிங்கும் அவர் மனைவி ராணிபாயும் கடைசிவரை முகம் பார்க்காமலே பிரிகிறார்கள். அழுதுவிட்டேன். இதில் எவ்வளவு நிஜம்?

பதில்: படையெடுப்பு நிஜம், சாவும் நிஜம். முகம் பார்க்காத சோகம் கதைப்பாடலும் கூத்தும் தந்தது. செஞ்சிக் கோட்டையை ஆண்ட அப்பா சொரூப்சிங் இறந்ததும் புந்தேல்கண்டிலிருந்து செஞ்சிக்கு வந்த தேசிங்கை ஆற்காடு நவாப் சாதத்துல்லாகான் ஏற்கவில்லை, கப்பப் பாக்கியைக் கேட்டுப் படையோடு வந்துவிட்டார். 1714 அக்டோபரில் சில நூறு குதிரை வீரர்களோடு அந்தப் பெரும்படையை எதிர்த்துப் போய் மாண்டபோது தேசிங்குக்கு 22 வயதுதான் என்கிறார்கள். கோட்டைக்குள்ளேயே இருந்திருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

நீங்கள் அழுத இடம் எனக்கும் தெரியும். கூத்தில் வேஷம் உள்ளே வரும்போது இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள் இல்லையா, நான் பார்த்த ஆட்டத்தில் அதே துணியைத்தான் ராஜாவுக்கும் ராணிக்கும் நடுவில் பிடித்தார்கள். அதன் ஓரமாக ஒரு வளையல் கை மட்டும் வெற்றிலையை நீட்டியது, அவன் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தான், கூத்தில் ஊதும் முகவீணைக் குழல் நின்றேவிட்டது. எந்த வசனமும் அந்தக் கை செய்ததைச் செய்யாது.

அப்புறம் அவள் உடன்கட்டை ஏறுவது. அதைப் புனிதமாக்கிப் பாடும்போது என் மனம் ஒப்புவதில்லை, எரிந்துபோனது ஒரு இளம்பெண். ராணிப்பேட்டை என்ற பெயர் அவள் நினைவாக நவாப் வைத்தது என்பார்கள். வைத்து என்ன, அவள் திரும்பி வரவா போகிறாள்?

உங்கள் கேள்வியில் இல்லாத ஒருவனையும் சொல்லியாக வேண்டும். தேசிங்கின் முஸ்லிம் நண்பன் மோவுத்துக்காரன், கதைப்படி வழுதாவூரில் தன் கல்யாணம் நடக்கும்போது போருக்கு அழைக்கும் ஓலை வந்ததும் நீலவேணிக் குதிரையில் ஏறிப் போனான், போனவன் போர்க்களத்திலேயே விழுந்தான். தேசிங்குக்குச் சமமாக அவனையும் பாடுகிறார்கள், சரி, மணவறையில் அவன் விட்டுப்போன அந்தப் பெண்? நான் பார்த்த ஆட்டங்களில் அவளுக்கு ஒரு பாட்டுகூடக் கிடையாது. உங்கள் ஊருக்கு வந்த கூத்து ஜமாவில் (குழுவில்) யாராவது அவளைப் பாடினார்களா? பாடியிருந்தால் அந்த வரிகளை எனக்கு எழுதி அனுப்புங்கள்.