ஐந்து நாள் ஆய்வுப் பயணம்: மேலாளருக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் ஓர் இளைஞர் மையத்தில் வேலை பார்க்கிறேன். படிப்பும் வேலையும் இல்லாத இளைஞர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள். இந்த வேலையைப் பின்லாந்தில் எப்படிச் செய்கிறார்கள் என்று சக பணியாளர்களோடு ஒரு வாரம் போய்ப் பார்க்க ஆசை. ‘போய் வந்தால் என்ன மாறும்?’ என்கிறார் மேலாளர். செலவுக்கு வழி உண்டா? அவருக்கு என்ன சொல்வது?

பதில்: செலவுக்கு வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் இளைஞர் பணியாளர்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. பயண நாட்கள் போக 2 முதல் 60 நாள் வரை தங்கலாம். பணியாளர்களுக்கு வயது உச்சவரம்பு கிடையாது. ஆனால் விண்ணப்பம் உங்கள் மையத்தின் பெயரில்தான் போக வேண்டும். ஜெர்மனியில் அதைப் பார்த்துக்கொள்வது பான் நகரிலுள்ள ‘யூகண்ட் ஃபியூர் ஓய்ரோப்பா’ முகமை.

மேலாளரின் கேள்வி நியாயமானது. என் முதல் பயணத்தில் ஐந்து நாளில் ஒன்பது அலுவலகங்கள் பார்த்தோம். போன இடமெல்லாம் திரையில் படம் காட்டி விளக்கினார்கள், நானும் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து எங்கள் மையத்தில் ஒரு நாற்காலிகூட இடம் மாறியிருக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் ஒரே ஒரு இடத்தை நன்றாகப் பாருங்கள். பின்லாந்தில் ‘ஓஹ்யாமோ’ என்ற மையங்கள் இருக்கின்றன. 30 வயதுக்கு உட்பட்ட யாரும் முன்பதிவு இல்லாமல் உள்ளே வரலாம். வேலைவாய்ப்பு ஆலோசகர், சமூகப் பணியாளர், இளைஞர் பணியாளர் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள்; பல ஊர்களில் செவிலியரும் உண்டு. நம் பையன்கள் பாதியில் காணாமல் போவதற்கு முக்கியக் காரணமே, நாலு அலுவலகத்தில் நாலு பேரிடம் அதே கதையைச் சொல்ல வேண்டியிருப்பதுதான்.

அங்கே வரவேற்பறையில் அரை நாள் உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு பையன் கதவைத் திறந்து வந்ததும் முதலில் யார் எழுந்து பேசுகிறார்கள்? படிவத்தை எப்போது எடுக்கிறார்கள்? அடுத்த அறைக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டுகிறார்களா, கூடவே நடந்து போகிறார்களா? இதெல்லாம் திரையில் காட்டும் படங்களில் வராது.

அப்புறம், ஒவ்வொருவருக்கும் சம்பளம் யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். இந்த மையங்கள் ஐரோப்பிய சமூக நிதியின் திட்டப் பணத்தில் வளர்ந்தவை. அந்தப் பணம் நின்றபின் எப்படிச் சமாளித்தார்கள் என்பது உங்களுக்குத் தேவையான பாடம். 2025 ஜனவரியில் பின்லாந்தின் வேலைவாய்ப்புச் சேவைகள் அரசிடமிருந்து நகராட்சிகளுக்குப் போய்விட்டன. அதனால் என்ன மாறியது என்றும் கேளுங்கள். இரண்டாம் முறை வராத பையனைத் தேடிப் போவது யார் என்பதை மறக்காமல் கேளுங்கள். அங்கே தேடிப்போய்ச் செய்யும் இளைஞர் பணிக்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.

பின்லாந்துக்கு முன்னால் ஹாம்பர்க் போய் வாருங்கள், ரயிலில் மூன்று மணி நேரம்தான். அங்கே 2012 முதல் ஜாப்சென்டர் (வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை தரும் அலுவலகம்), வேலைவாய்ப்பு முகமை, இளைஞர் நலத்துறை, பள்ளித்துறை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. உங்களுக்குள்ள சட்டம்தான் அவர்களுக்கும். ‘நம் நாட்டில் நடக்காது’ என்று மேலாளர் சொல்ல முடியாது.

மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் ஒரு வாக்கியம் போதும்: ‘திரும்பி வந்ததும் மூன்று மாதத்துக்கு, வியாழன்தோறும் மதியம் ஜாப்சென்டர் ஆலோசகர் ஒருவர் நம் மையத்தில் உட்காருவார்.’ அந்த ஆலோசகரையும் பயணத்துக்கு அழைத்துப் போக முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அவர் செலவு இந்தத் திட்டத்தில் வருமா என்று முகமையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பக் காலக்கெடு வழக்கமாக பிப்ரவரியிலும் அக்டோபரிலும் வரும். பயணத்தை ஜூலையில் வைக்காதீர்கள். அந்த மாதம் பின்லாந்தில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள்.