யோகோஹாமா ஓவியங்களும் அந்நியர் முகமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தபின் யோகோஹாமா துறைமுகத்தில் குடியேறிய அந்நியரைக் காட்டும் யோகோஹாமா ஓவியங்களைத் தேடிப் பார்த்தேன். அவற்றில் வரும் ஐரோப்பியரும் அமெரிக்கரும் நீண்ட மூக்கோடு ஒரே முகமாக இருக்கிறார்கள். ரயில் எஞ்சின்களோ எந்த ஊரிலும் ஓடியிராதவை போலத் தோன்றுகின்றன. இவை ஏளனத்தில் வரையப்பட்டவையா, அறியாமையிலா? இவற்றைக் கலை என்று கொள்ளலாமா?

– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

ஏளனம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே ஓவியர்கள் வரைந்த ஜப்பானியப் பெண்களின் முகங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உகியோ-எ எனப்படும் ஜப்பானிய மரச்செதுக்கு ஓவிய மரபில், நடிகர்களின் ஓவியங்களை விட்டுவிட்டால், முகம் என்பது பெரும்பாலும் ஒரு வார்ப்பு. ஆளை அடையாளம் காட்டுபவை உடையும் கூந்தல் முடிச்சும் கையிலுள்ள பொருளும்தான். அந்நியருக்கு எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து ஓவியர்களிடம் பழகிய வார்ப்பு ஏதும் இல்லாததால், அவசரமாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 1858-இல் அமெரிக்கா, ஹாலந்து, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்து நாடுகளுடன் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி, 1859 ஜூலையில், அதுவரை சிறு மீனவக் கிராமமாக இருந்த யோகோஹாமா துறைமுகமாகத் திறக்கப்பட்டது. எடோவிலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவில் புதிய மனிதர்கள் குடியேறியிருக்கும்போது பதிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? 1860, 1861 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இவ்வகை ஓவியங்கள் வந்து குவிந்தன. அந்நியர் வீட்டுச் சமையற்கட்டைக்கூட யோஷிகாசு 1860-இல் ஓவியமாக்கினார்.

இந்த ஆண்டுகள் அமைதியானவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அந்நியரை விரட்ட வேண்டும் என்ற குரல் ஓங்கியிருந்தது. 1859 ஆகஸ்டில் ரஷ்ய மாலுமிகள் யோகோஹாமா தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1861 ஜனவரியில் அமெரிக்கத் தூதரக மொழிபெயர்ப்பாளர் ஹென்றி ஹ்யூஸ்கன் எடோவில் தாக்கப்பட்டு இறந்தார். அந்தச் சமயத்தில்தான் இந்த ஓவியங்கள், குழந்தையை ஏந்தி நிற்கும் தாயையும் கடைத்தெருவில் பொருள் பார்க்கும் தம்பதியையும் எடோவின் வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தன. இவற்றின் மீது எனக்குள்ள மதிப்பு முதலில் இங்கிருந்தே வருகிறது.

கலையா என்று கேட்டிருந்தீர்கள். சதாஹிதே 1861-இல் வெளியிட்ட, மேலை வணிகர்கள் யோகோஹாமாவில் சரக்கு ஏற்றும் ஓவியத்தைப் பொறுமையாகப் பாருங்கள். ஐந்து தாள்களைப் பக்கவாட்டில் சேர்த்தால் ஏறக்குறைய நான்கடி அகலம் வரும். கரிய கப்பல் உடல்கள் தாள்களின் விளிம்புகளைத் தாண்டி நீள்கின்றன. வடங்களில் மாலுமிகள் ஏறுகிறார்கள். கீழே பொதிகள் கைமாறுகின்றன. ஒரு துறைமுகத்தின் உழைப்பு முழுவதையும் ஒரே பார்வையில் அள்ளிவிட வேண்டும் என்ற வேட்கை அதில் இருக்கிறது. ஓவியரை மட்டும் பாராட்டுவதும் நியாயமல்ல. முகத்தையும் தலைமுடியையும் செதுக்கும் வேலை பட்டறையின் மூத்த செதுக்குநருக்கே உரியது. ஜப்பானியப் பெண்ணின் நெற்றியோரத்து மயிரிழைகளில் பழகிய அந்தக் கை அந்நியரின் சுருள் தாடியைச் செர்ரி மரப்பலகையில் இழை இழையாக எடுத்திருப்பதை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நீங்களே காணலாம்.

எந்திரங்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. நேரில் பார்க்கக் கிடைக்காதவற்றை மேலை நாட்டு அச்சுப் படங்களிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். லண்டனுக்குப் போகாமலேயே யோஷிதோரா 1862-இல் லண்டனை வரைந்தார். டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே 1872-இல் ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்பே ரயில் ஓவியங்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனால் பிழையை அறியாமை என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது. கோபயாஷி கியோச்சிகா 1879-இல் தகானாவா கடலோரம் செல்லும் ரயிலை வரைந்தபோது அந்தப் பாதையில் ரயில் ஓடி ஏழாண்டுகள் ஆகியிருந்தன. அங்கே ஓடியவை ஆங்கிலேய எஞ்சின்கள். அவர் வரைந்ததோ முன்புறம் தடுப்புச் சட்டம் பொருத்திய அமெரிக்க எஞ்சின், அச்சுப் படம் ஒன்றைப் பார்த்து வரைந்தது. எஞ்சினைத்தான் கடன் வாங்கினார். மங்கிய நிலவும், அதன் கீழ் இருண்டு கிடக்கும் நீரும், பெட்டிகளின் சன்னல்களில் வரிசையாகத் தெரியும் விளக்கொளியும் அந்தக் கடலோரத்தில் நின்று பார்த்தவருடையவை.