'அக்க்ஃ' – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். வயது 68. உங்கள் கதைகளைப் பற்றி எழுதாமல் கணினியைப் பற்றி எழுதுவதற்கு மன்னிக்கவும். விண்டோஸை விட்டு மெக்கிற்கு மாறிவிட்டதாக ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இருபத்தைந்து வருடமாக எனக்கு விண்டோஸ்தான். தேர்வுத்தாள், பள்ளி நாடகம், பேத்திக்குச் சொல்லும் கதை எல்லாம் அதில்தான் அடித்தேன். பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். மகன் மெக்புக் வாங்கிக் கொடுத்தான். தமிழும் அவனே போட்டுக் கொடுத்தான். "ஒரு வாரத்துல பழகிடும்மா" என்றான். ஆறு வாரம் ஆகிறது. காப்பி செய்தால் காப்பி ஆவதில்லை. மூடியது மூடுவதில்லை. எல்லாவற்றையும்விடத் தமிழ்தான் பெரும்பாடு. தமிழ் 99 விசைப்பலகையில் பார்க்காமலே அடித்துப் பழகிய கை எனக்கு. இப்போது 'அம்மா' என்று அடித்தால் 'அக்க்ஃ' என்று வருகிறது. "இங்கிலீஷ்ல ஏ எம் எம் ஏ ஏ-ன்னு அடிங்க, தமிழா மாறிடும்" என்கிறான் மகன். அப்படி அடித்தால் என்ன எழுத உட்கார்ந்தேன் என்பதே மறந்துபோகிறது.

வயதாகிவிட்டது, அவ்வளவுதானா? பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்கிறான் தம்பி மகன். அதைத் தூக்கிப் போடுங்கள் என்கிறான் என் மகன். பேசாமல் பழையதற்கே திரும்பிவிடவா? இன்னொரு சின்னக் கேள்வி. மெக்கில் 'டிலீட்' விசை ஏன் பின்பக்கமாகவே அழிக்கிறது? பெயரைத் தயவுசெய்து போடவேண்டாம், மகன் படிப்பான்.

ஓர் ஆசிரியை, ஈசூன்

*

அன்புள்ள டீச்சர்,

பெயரைப் போடவில்லை. ஆனால் மகன் படித்தால் கண்டுபிடித்துவிடுவார், ஏனென்றால் இந்தக் கதையில் குற்றவாளி அவர்தான். பாவம், நல்லெண்ணத்தில் செய்த குற்றம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் புலம்பலாக எழுதியிருக்கும் ஒரு சொல்லை நான் தடயமாகப் படித்தேன். 'அக்க்ஃ'. இதைப் பார்த்ததும் காப்பிக்கடையில் உட்கார்ந்தபடியே மேசையில் விரலால் தட்டிப் பார்த்தேன். தமிழ் 99 பலகையில் அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் 'அம்மா'. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழுந்துவிடும், இது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்த நான்கு விசைகளின்மேல் அச்சடித்திருக்கும் ஆங்கில எழுத்துகள் ஏ, கே, கே, க்யூ. இதே நான்கையும் அஞ்சல் முறையில், அதாவது ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழாக மாறும் என்று உங்கள் மகன் சொல்லும் முறையில், தட்டினால் என்ன வரும்? ஏ அடித்தால் அ, கே அடித்தால் க், மறுபடி கே அடித்தால் இன்னொரு க், க்யூ அடித்தால் ஃ. அக்க்ஃ!

அதாவது உங்கள் விரல்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இருபத்தைந்து வருடமாக அடித்ததைத்தான் துல்லியமாக அடித்திருக்கின்றன. கணினிதான் வேறு பலகையை மனத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது. மகன் தமிழ் சேர்த்தபோது பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட அஞ்சலைச் சேர்த்திருப்பார். அதற்குக் கீழேயே தமிழ் 99ம் இருக்கிறது. காசு கொடுத்தோ இறக்கியோ சேர்க்கவேண்டியதில்லை, மெக்கோடு கூடவே வருகிறது. இடது மேல்மூலையில் இருக்கும் ஆப்பிள் படத்தை அழுத்தி 'சிஸ்டம் செட்டிங்ஸ்' போங்கள். அதில் 'கீபோர்டு', அதற்குள் 'இன்புட் சோர்சஸ்' என்ற வரி, பக்கத்தில் 'எடிட்'. கூட்டல் குறியை அழுத்தி, தமிழைத் தேர்ந்து, தமிழ் 99ஐச் சேருங்கள். கையோடு கழித்தல் குறியால் அஞ்சலை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மாற்றும்போதெல்லாம் நடுவில் வந்து நிற்கும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற கன்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

அஞ்சல் மட்டம் என்று சொல்லவரவில்லை. என் நண்பர்களில் பாதிப்பேர் அதில்தான் எழுதுகிறார்கள், என்னைவிட வேகமாகவும் எழுதுகிறார்கள். ஆங்கிலப் பலகையில் விரல் ஊறியவர்களுக்கு அது வரம். உங்களுக்கு ஊறியது வேறு. தமிழ் 99இல் உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். இரண்டு கையும் சேர்ந்தால் உயிர்மெய். வகுப்பில் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிக் காட்டிய இலக்கணத்தை விரலாலும் செய்துகொண்டிருந்தவரை, திடீரென்று ஏ எம் எம் ஏ ஏ என்று அடிக்கச் சொன்னால் எழுத வந்தது மறக்காமல் என்ன செய்யும்?

ஒரு விஷயம் சொல்லவேண்டும், உங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். தொண்ணூறுகளில் எழுத்துரு மாறினாலே விசைப்பலகையும் மாறும். ஒருவர் கொடுத்த எழுத்துருவில் க ஓரிடத்தில் இருக்கும், இன்னொருவர் கொடுத்ததில் வேறிடத்தில். நம் ஊர் நா. கோவிந்தசாமி, எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களுக்கே ஆசிரியர், நீங்கள் அவரிடம் படித்திருக்கவும் கூடும். கணியன் எழுத்துருவை உருவாக்கியவர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றியபோது தமிழும் அதில் தெரிந்தது அவரால்தான். 1997இல் இங்கே சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் பேசப்பட்ட பெரிய தலைவலிகளில் ஒன்று இந்த விசைப்பலகைக் குழப்பம். 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழ் 99 பொதுப் பலகையாக வந்தது. அதே ஆண்டு கோவிந்தசாமி காலமாகிவிட்டார். கணினியை மாற்றினாலும் விரலை மாற்றவேண்டியிருக்கக் கூடாது என்றுதான் இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அந்தச் சொத்தை வைத்துக்கொண்டு நீங்கள் ஆறு வாரம் பட்டினி கிடந்திருக்கிறீர்கள்!

சரி, தமிழ் ஆயிற்று. மற்றதெல்லாம் உண்மையிலேயே மாற்றிக்கொள்ளவேண்டிய பழக்கங்கள். அவற்றுக்குக் குறுக்குவழி எனக்குத் தெரியாது.

நான் மாறியது 2019இல். முதல் வாரம் முழுக்கச் சுண்டுவிரல் கன்ட்ரோல் விசைக்கே ஓடியது. மெக்கில் அந்த வேலையை ஸ்பேஸுக்குப் பக்கத்தில் இருக்கும் கமாண்ட் விசை செய்கிறது, அதாவது கட்டைவிரலால். எழுத்துகள் அதேதான்: சி என்றால் காப்பி, வி என்றால் பேஸ்ட், எக்ஸ் என்றால் கட், இசட் என்றால் செய்ததை ரத்து செய்வது. இந்த வரிசையை எண்பதுகளின் தொடக்கத்தில் ஆப்பிள்தான் முதலில் வைத்தது, விண்டோஸ் பின்னாலே எடுத்துக்கொண்டது என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. இருபது வருடமாக இதை விண்டோஸின் சொத்து என்று நினைத்திருந்தேன்.

கமாண்டையும் கன்ட்ரோலையும் இடம் மாற்றிவைக்க மெக்கிலேயே வழி உண்டு. தம்பி மகன் போன்ற கெட்டிக்காரப் பிள்ளைகள் அதைச் செய்துதர முன்வருவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் மாற்றிவைத்தேன். அப்புறம் மகளின் மெக்கில் ஒரு நாள் உட்கார்ந்தபோது பழைய பழக்கமும் புதிய பழக்கமும் தெரியாதவனாக விழித்தேன். இரண்டு வாரம் கட்டைவிரலைத் திட்டினால் அது கற்றுக்கொண்டுவிடுகிறது.

மூடியது மூடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். இடது மூலையில் இருக்கும் சிவப்புப் பொட்டை அழுத்தினால் மெக்கில் பெரும்பாலும் அந்தச் சன்னல் மட்டும்தான் மூடும், செயலி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். கீழே இருக்கும் படவரிசையில் அதன் அடியில் ஒரு சின்னப் புள்ளி தெரியும், கவனியுங்கள். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு விளக்கை எரியவிட்டுப் போன மாதிரி. கமாண்டும் க்யூவும் அழுத்தினால்தான் விளக்கு அணையும். ஒரு மாதம் கழித்து இதைத் தெரிந்துகொண்ட அன்று என் கணினியில் பதினொரு செயலிகள் விடிய விடிய விழித்திருந்தன.

என்னை அதிகம் படுத்தியது என்டர் விசை. விண்டோஸில் ஒரு கோப்பைத் தொட்டு என்டர் அடித்தால் திறக்கும். மெக்கில் பெயரை மாற்ற வந்துவிடும். கவனிக்காமல் நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போவேன். பத்திரிகைக்கு அனுப்பவேண்டிய ஒரு கதையை இரண்டு நாள் தேடினேன். 'மழை விட்ட பிறகு அவன்' என்ற பெயரில் கிடந்தது. அது கதையின் முதல் வரி. (தலைப்பாகவே வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.) திறக்கவேண்டுமென்றால் கமாண்டும் ஓ-வும்.

இனி பழைய கணினி. திரும்பிவிடவா என்கிறீர்கள். வேண்டாம். விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. கணினி முன்போலவே ஓடும், ஓட்டை விழுந்தால் அடைப்பதற்குத்தான் ஆள் இல்லை. கொஞ்ச காலம் நீட்டிக்க ஒரு திட்டம் வைத்தார்கள், ஆனால் அது தற்காலிகம்தான். பழைய கணினியில் அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ், வங்கி எதையும் திறக்காதீர்கள். 11 ஏறாததற்கும் உங்கள் கணினியில் பழுது ஒன்றுமில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு முந்தியவை நன்றாக ஓடினாலும் வரிசைக்கு வெளியேதான் நிற்கவேண்டும்.

ஆனால் மகன் சொல்வதுபோல் தூக்கியும் போடாதீர்கள். இதை நான் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்வேன், ஏனென்றால் நான் போட்டவன்.

மெக் வாங்கியபோது பழைய மடிக்கணினியைக் கடையில் கொடுத்து விலையில் கழித்துக்கொண்டேன். கோப்புகளையெல்லாம் ஒரு வெளி டிஸ்க்கில் ஏற்றியாயிற்று, வேறென்ன வேண்டும் என்ற தெம்பு. ஒரு மாதம் கழித்து 2002இல் எழுதிய ஒரு கதையைத் திறந்தேன். 'தமிழ்' என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் முக்கால் என்ற பின்னம், அப்புறம் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, ஒரு சென்ட் குறி, கடைசியில் கோடு போட்ட யூ. பத்துப் பக்கமும் அப்படியே. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் வருவதற்கு முந்திய காலத்துத் தமிழ் இப்படித்தான். ஐரோப்பிய எழுத்துகள் இருந்த இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடிவைத்திருந்தார்கள். எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும், இல்லையென்றால் உள்ளே இருப்பது அப்பட்டமாக வெளியே வந்துவிடும்.

இந்தக் கதை திஸ்கி என்ற பழைய பொதுத்தரக் குறியாக்கத்தில் இருந்ததால் பிழைத்தது. பழைய குறியாக்கத்தை யூனிகோடாக்கும் சுரதாவின் 'பொங்குதமிழ்' மாற்றியில் ஒட்டினேன், பொத்தானை அழுத்தியதும் பத்துப் பக்கமும் தமிழாக எழுந்து வந்தன. வேறு இரண்டு கதைகள் பொதுத்தரம் எதையும் சேராத ஓர் எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு பழைய கணினியில் மட்டும்தான் இருந்தது, கணினியோ கடையில் துடைக்கப்பட்டுவிட்டது. கடைக்காரரைக் குறைசொல்ல முடியாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். ஒரு கதை ஓர் இதழில் வந்திருந்தது. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் மேல்தளத்தில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து அதைத் திரும்ப அடித்தேன். இன்னொன்று எங்கும் வெளிவராதது. என் அத்தை துறைமுகத்துக்குச் சாப்பாடு கொண்டுபோன நாள்களைப் பற்றியது. அந்தக் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது, பின்னங்களும் சென்ட் குறிகளுமாக.

உங்கள் பள்ளி நாடகங்கள் 2000ஐ ஒட்டியவை என்றால் அவற்றிலும் இப்படிப்பட்டவை இருக்கும். அதனால் பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பாருங்கள். தமிழாகத் தெரிபவற்றை உடனே பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிடுங்கள், பார்ப்பதற்காவது பத்திரமாக இருக்கும். அப்புறம் அவற்றை மெக்கிற்குக் கொண்டுபோய், அங்கே குழம்பித் தெரிபவற்றை மட்டும் மாற்றியில் போடுங்கள். பழைய கணினியில் இருக்கும் எழுத்துருக் கோப்புகளையும் ஒரு பென்டிரைவில் எடுத்துவையுங்கள். நாளுக்கு ஐந்து கோப்பு என்றால் அலுக்காது.

அது முடிந்ததும் தம்பி மகன் லினக்ஸ் போடட்டும். லினக்ஸ் மின்ட் நல்லது, பார்வைக்கு உங்கள் பழைய விண்டோஸ் மாதிரியே இருக்கும். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் நிறுவிக்கொள்ளலாம். அதிலும் தமிழ் 99 உண்டு. பேத்திக்குக் கொடுத்துவிடுங்கள்.

டிலீட் கேள்வி. விண்டோஸில் பேக்ஸ்பேஸ் என்று எழுதியிருந்த விசைக்கு மெக்கில் டிலீட் என்று பெயர், அவ்வளவுதான். முன்பக்கம் அழிக்க, இடது கீழ்மூலையில் இருக்கும் 'எஃப்என்' விசையைப் பிடித்துக்கொண்டு அதே டிலீட்டை அழுத்துங்கள்.

அன்புடன்.