முதுகெலும்பு ஆபரேஷனில் ஏ.ஆர். கண்ணாடி: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

மன்னார்குடி வாசகர்: அம்மாவுக்கு 58 வயது. நடவு, களையெடுப்பு என்று குனிந்தே உழைத்தவர். இடுப்பில் எலும்பு நழுவியிருக்கிறது, ஸ்குரூ வைக்க வேண்டும் என்கிறார்கள். ஏ.ஆர். கண்ணாடி (ஆக்மென்டட் ரியாலிட்டி, எதிரே தெரிவதன் மேலேயே கம்ப்யூட்டர் படத்தைக் காட்டும் கண்ணாடி) போட்டுச் செய்தால் நல்லதா?

ஸ்குரூ போகிற பாதைக்குப் பெடிக்கிள் என்று பெயர். நடு முதுகில் சிலருக்கு அது பென்சிலைவிட மெல்லியது, இடுப்பில் கொஞ்சம் தாராளம். உள்பக்கம் விலகினால் நரம்பு, முன்பக்கம் தாண்டினால் பெரிய ரத்தக்குழாய். எலும்பில் ஒரு கிளாம்ப் மாட்டி, அதில் இருக்கும் அடையாளக் குறியைக் கண்ணாடியிலுள்ள கேமரா பின்தொடர, சி.டி. ஸ்கேனில் எடுத்த எலும்பின் படம் நோயாளியின் முதுகின் மேலேயே டாக்டர் கண்ணுக்குத் தெரியும். கருவி எலும்பில் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் வழிகாட்டும் பழைய நேவிகேஷனும் இதையேதான் காட்டுகிறது, ஆனால் பக்கத்து மானிட்டரில். கை ஓரிடம், கண் ஓரிடம். கண்ணாடியில் அந்தத் திரும்பல் தேவையில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்கு நழுவல் எவ்வளவு, கால் மரத்துப்போகிறதா, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதை முதலில் பேசுங்கள், கண்ணாடி அப்புறம்.

கும்பகோணம் வாசகி: படம் தப்பாகக் காட்டினால்?

காட்டும். ஸ்கேன் மல்லாந்து படுத்தபோது எடுத்தது, ஆபரேஷனோ குப்புறப் படுக்க வைத்து. எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வளைவு மாறிவிடும். அதனால்தான் வசதியுள்ள இடங்களில் தியேட்டரிலேயே சி.டி. எடுக்கிறார்கள். யாராவது முழங்கையால் கிளாம்பை இடித்துவிட்டால் படம் மொத்தமாக நகர்ந்துவிடும், கண்ணாடி அதைச் சொல்லாது. எலும்பில் தெரிந்த ஒரு முனையைக் கருவியால் தொட்டு, படமும் அங்கேயே நிற்கிறதா என்று நடுநடுவே பார்க்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் படத்தை எலும்போடு மறுபடி பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தியேட்டரிலேயே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரே. கண்ணாடி இல்லாமலே ஸ்குரூ போடத் தெரிந்தவர் கையில்தான் அது உதவும்.

திருவாரூர் வாசகர்: டிராக்டர் ஓட்டுகிறேன், 34 வயது. ஜவ்வு விலகி வலது காலில் வலி இறங்குகிறது. எனக்கும் இது வேண்டுமா?

வேண்டாம் தம்பி. ஜவ்வை மட்டும் எடுப்பதில் பெரும்பாலும் ஸ்குரூவே கிடையாது. அதுவும் பலருக்கு 6 முதல் 12 வாரத்தில் மாத்திரை, பயிற்சியிலேயே வலி அடங்கிவிடும், குறுவை உழவை இந்த முறை வேறு ஆளிடம் விடுங்கள். ஆனால் சிறுநீர் வராமல் அடைத்தாலோ, பின்புறமும் தொடை இடுக்கும் மரத்தாலோ, பாதம் தூக்க வராமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மயிலாடுதுறை வாசகர்: இது சோதனை நிலையில்தானே இருக்கிறது?

இல்லை. ஆக்மெடிக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்விஷன் என்ற ஏ.ஆர். கண்ணாடிக்கு, மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரில் அனுமதி கொடுத்தது, 2020 ஜூனில் அங்குள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கே பயன்படுத்தினார்கள்.

பாபநாசம் வாசகி: கதிர்வீச்சு குறையுமா?

டாக்டருக்கும் நர்ஸுக்கும் குறையும், சி-ஆர்ம் அடிக்கடி போட வேண்டியதில்லையே. உங்களுக்கு சி.டி. ஸ்கேனில் படும் கதிர்வீச்சு தனிக் கணக்கு. கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தால் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.