எதிர்த்தரப்புக்கும் ஒரு பத்தி கொடுங்கள்

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக உங்கள் மகள் எழுதிய பயிற்சிக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அவளுக்கு எழுத வரவில்லை என்று நீங்கள் பயப்படத் தேவையில்லை, மொழி நன்றாகவே இருக்கிறது. 'வகுப்பில் கைபேசியை அனுமதிக்கலாமா?' என்ற கேள்விக்கு நன்மை நான்கு, தீமை நான்கு எழுதிவிட்டு, 'அளவோடு பயன்படுத்தலாம்' என்று முடித்திருக்கிறாள். அவள் எந்தப் பக்கம் என்பது கடைசிவரை தெரியவில்லை. மதிப்பெண் அங்கேதான் போகிறது.

எழுதத் தொடங்கும் முன் தன் நிலைப்பாட்டை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். 'வகுப்பில் கைபேசி கூடாது, அது பக்கத்தில் இருப்பவரின் கவனத்தையும் கலைக்கிறது' என்றால் யாராவது மறுத்துப் பேச இடமிருக்கிறது. 'நன்மையும் உண்டு, தீமையும் உண்டு' என்பதை யார் மறுக்கப் போகிறார்கள்? அந்த வாக்கியம் முன்னுரையிலேயே வந்துவிட வேண்டும்.

அப்புறம், ஒரு பத்திக்கு ஒரு காரணம் போதும். காரணத்தைச் சொல்லி, சான்று காட்டி, அந்தச் சான்று எப்படி அந்தக் காரணத்தைத் தாங்குகிறது என்று விளக்க வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் விட்டுவிடுவது இந்த விளக்கத்தைத்தான். வாதத்தின் உறுப்புகளை 1958இல் பிரித்துக் காட்டிய தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின், சான்றையும் முடிவையும் இணைக்கும் கண்ணிக்குத் தனிப் பெயரே வைத்தார். சான்றை எழுதியதும் 'சரி, அதனால் என்ன?' என்று அவளே கேட்டுக்கொண்டால் அந்த வரி தானாக வரும்.

நான் மிகவும் வற்புறுத்துவது எதிர்த்தரப்புப் பத்தியை. நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில், அதாவது ஒரு கருத்தை அணுகும் ஏழு முறைகளில், ஒன்று 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு'. அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு அதைக் களைவது. 'அவசரத்துக்குப் பெற்றோரை அழைக்க வேண்டாமா?' என்பது நியாயமான கேள்வி. அதை அப்படியே ஒப்புக்கொள்ளட்டும். அந்த அவசரத்துக்குப் பள்ளி அலுவலகத் தொலைபேசி போதும் என்று பிறகு காட்டட்டும். எதிராளியின் பலவீனமான வாதத்தைப் பிடித்து அடிப்பதில் பயனில்லை, வலுவானதையே எடுக்க வேண்டும். இந்தப் பத்திக்குப் பின் தன் மிக வலுவான காரணத்தை வைத்தால் வாசிப்பவர் மனதில் அது நிற்கும்.

ஐஇஎல்டிஎஸ் தேர்வில் இந்தக் கட்டுரைக்குப் பரிந்துரைக்கப்படும் நேரம் 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள். முதல் ஐந்து நிமிடம் யோசிக்கவே போகட்டும்.

அடுத்த கட்டுரையை அவள் காட்டும்போது பிழை திருத்தாதீர்கள். எதிர்ப்பக்கம் நின்று அவளோடு வாதாடுங்கள். அவள் வாய்விட்டுச் சொல்லும் பதில்களை அன்றைக்கே எழுதிவைக்கச் சொல்லுங்கள்.