'பீக்கன்ஸ்ஃபீல்டு' என்று கையெழுத்திட்ட டிஸ்ரேலி கடிதம் 1868-ல் எழுதியதாக இருக்குமா?

கேள்வி: விற்பவர், "1868-ல் டிஸ்ரேலி கைப்பட எழுதியது" என்கிறார். கீழே 'பீக்கன்ஸ்ஃபீல்டு' என்று கையெழுத்து. நம்பலாமா?

அந்தத் தேதியை நம்பாதீர்கள். 1868-ல் பெஞ்சமின் டிஸ்ரேலி முதல்முறை பிரிட்டிஷ் பிரதமரானபோது பிரபுப் பட்டம் வாங்கவில்லை. அந்த ஆண்டு பீக்கன்ஸ்ஃபீல்டு பட்டம் கிடைத்தது அவர் மனைவி மேரி ஆனுக்கு. இவர் பீக்கன்ஸ்ஃபீல்டு பிரபுவானது 1876 ஆகஸ்டில்தான். அதற்கு முன் 'பீக்கன்ஸ்ஃபீல்டு' என்று கையெழுத்திட்டிருக்க முடியாது. ஆக, கடிதம் அசல் என்றால் 1876-க்கும், அவர் இறந்த 1881 ஏப்ரலுக்கும் இடைப்பட்டது.

அப்புறம் தாளின் ஓரத்தைப் பாருங்கள். 1872 டிசம்பரில் மேரி ஆன் இறந்தபின், கடைசிவரை கறுப்புக் கரையிட்ட துக்கத் தாளில்தான் எழுதினார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

மையையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அக்கால இரும்பு மை (இரும்பு உப்பு கலந்த மை) பழுப்பேறி, சில இடங்களில் தாளின் பின்புறம் வரை ஊறியிருக்கலாம். பேனா அழுந்திய இடத்தில், முள்ளின் இரு நுனியும் இரட்டைக் கோடாகத் தடம் பதித்திருக்கும். அச்சுப் பிரதியில் இந்தத் தடம் இருக்காது, கறுப்பு எங்கும் ஒரே சீராக இருக்கும்.