மார்க்கெட் உள்ள முகங்கள்

அன்புள்ள ஐயா,

பைபிள் கதையான ‘எக்ஸோடஸ்’ ஹாலிவுட் படத்தில், யூதர்களின் தலைவர் மோசஸாக கிறிஸ்டியன் பேலும் எகிப்து மன்னனாக ஜோயல் எட்ஜர்டனும் என வெள்ளையர்களே நடித்ததைக் கண்டித்து எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 14 கோடி டாலர் போடுகிறவன் தெரிந்த முகத்தைத்தானே தேடுவான்? இதில் நிறவெறி எங்கே வந்தது? நடிப்பு என்பதே இன்னொருவராக மாறுவதுதானே? ஜப்பானியக் கதையான ‘கோஸ்ட் இன் த ஷெல்’ படத்தில் வெள்ளை நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சன் நடித்தபோது, மூல ஜப்பானிய அனிமேஷன் படத்தின் இயக்குநர் மமோரு ஓஷியே அதில் தவறில்லை என்றார். கோபப்பட்டவர்கள் அமெரிக்காவில் இருந்தவர்கள்தான். அதே ஆட்கள் கறுப்பினப் பெண்ணான ஹாலி பெய்லி கடற்கன்னியாக வந்தால் கைதட்டுகிறார்கள். இது என்ன நியாயம்?

கா., திருப்பூர்

அன்புள்ள கா.,

பணத்தைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ‘எக்ஸோடஸ்’ இயக்குநர் ரிட்லி ஸ்காட்டே 2014இல் அதை ஒளிக்காமல் சொன்னார். ஸ்பெயினின் வரிச்சலுகையை நம்பி இவ்வளவு பெரிய படம் எடுக்கும்போது, கதாநாயகன் முகமது இன்னார், இன்ன ஊர்க்காரர் என்று போய் நின்றால் யாரும் பணம் தரமாட்டார்கள், ஆகவே அந்தக் கேள்வியே எழுவதில்லை என்றார். அவர் சொன்ன தொனி எனக்குக் கசக்கிறது. ஆனால் தகவல் சரி. பெரிய ஸ்டுடியோக்களுக்கு வெளியே எடுக்கப்படும் பல படங்கள் படப்பிடிப்புக்கு முன்பே நாடு நாடாக விற்கப்படுகின்றன, நம்மூர் ஏரியா வியாபாரம் போலவே. விநியோகஸ்தர் முதலில் கேட்பது நடிகரின் பெயரை. அந்த ஒப்பந்தங்களைக் காட்டித்தான் வங்கியில் கடன் வாங்குகிறார்கள்.

நான் கேட்பது அதற்கு முந்தைய கேள்வி. அந்தப் பெயருக்கு மார்க்கெட் எப்படி வந்தது? பெரிய வேடங்கள் கிடைத்ததால் வந்தது. பெரிய வேடம் ஏன் கிடைத்தது? மார்க்கெட் இருந்ததால். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதை. இந்த வட்டத்துக்குள் முதலில் யாரை விட்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்று பார்த்தால் நீங்கள் தேடும் நிறவெறி அங்கே இருக்கிறது.

அன்னா மே வாங் 1905இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். சீன வம்சாவளிச் சலவைக்கடைக்காரரின் மகள். பதினேழு வயதில் கதாநாயகி, பிறகு ஐரோப்பாவிலும் புகழ். சீன விவசாயக் குடும்பத்தின் கதையான ‘த குட் எர்த்’தை எம்.ஜி.எம். ஸ்டுடியோ படமாக எடுக்கிறது என்றதும், அதன் நாயகி ஓ-லான் வேடத்துக்காக ஏங்கினார். ஆனால் கணவன் வேடம் பால் முனிக்குப் போயிற்று. வெள்ளை நடிகருக்கு வேற்றினப் பெண்ணை ஜோடியாக்குவதை அன்றைய தணிக்கை நெறிமுறை நடைமுறையில் அனுமதிக்கவில்லை. ஆகவே மனைவியாக நடிப்பவரும் வெள்ளையராக இருந்தாக வேண்டும். ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னர் ஓ-லானாக நடித்தார், ஆஸ்கரும் வாங்கினார். வாங்குக்குக் காட்டப்பட்டது குடும்பத்தைக் கெடுக்கும் இரண்டாம் மனைவியின் வேடம். அத்தனை வெள்ளையர்கள் நல்ல சீனர்களாக நடிக்கும் படத்தில், சீன ரத்தம் உள்ள தான் மட்டும் கெட்டவளாக வருவதா என்று மறுத்துவிட்டார். இவருக்கு ‘மார்க்கெட் இல்லை’ என்று எந்த வாயால் சொல்வது? தணிக்கை நெறிமுறையே வழியை அடைத்திருந்தது.

அதே காலத்தில் இன்னொருவர் உள்ளே போனார். நடிகை மெர்ல் ஓபரான், பம்பாயில் பிறந்தவர். தாய்வழியில் இலங்கைக் கலப்பினக் குடும்பம். டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைப் பெண் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டார். 1935ஆம் ஆண்டுப் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். 1939இல் வந்த ‘வுதரிங் ஹைட்ஸ்’ படத்தை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. நாவலில் கருத்த நிறத்தவனாக வரும் ஹீத்கிளிஃப் வேடத்தில் வெள்ளையரான லாரன்ஸ் ஒலிவியர். அவன் நேசிக்கும் வெள்ளைப் பெண்ணாக, பிறப்பை மறைத்த மெர்ல் ஓபரான். இறந்த பிறகுதான் அவருடைய உண்மை ஊருக்குத் தெரிந்தது. அவர் பெயருக்கு மார்க்கெட் இருந்தது. அம்மா யார் என்று சொல்லியிருந்தால் இருந்திருக்காது.

அது பழைய காலம் என்பீர்கள். புரூஸ் லீ 1971இல் ஒரு பேட்டியில், தன்னை நாயகனாக்கத் தயங்குகிறவர்களைக் குறை சொல்ல முடியாது, பணம் போடுகிறவனாக இருந்தால் தனக்கும் அந்தக் கவலை இருக்கும் என்றார். நீங்கள் சொல்வதையேதான் அவரும் சொன்னார். அடுத்த ஆண்டு ‘குங் ஃபூ’ தொடரில் ஷாவோலின் துறவியாக வந்தவர் வெள்ளை நடிகர் டேவிட் கராடைன். லீயை நட்சத்திரமாக்கியது ஹாங்காங். அதன் பிறகே வார்னர் பிரதர்ஸ் பத்து லட்சம் டாலருக்கும் குறைவாகப் போட்டு ‘என்டர் த டிராகன்’ எடுத்தது. அது உலகம் முழுக்க ஓடியதை, நம்மூர்க் கொட்டகைகள் வரை, நீங்களும் அறிவீர்கள். கவலை பொய்யானது, அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

தெரிந்த முகம் முதலுக்குப் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் அவ்வளவு உறுதியானதல்ல. ‘எக்ஸோடஸ்’ அமெரிக்காவில் வசூலித்தது ஏறக்குறைய 6.5 கோடி டாலர். 11 கோடியில் எடுத்த ‘கோஸ்ட் இன் த ஷெல்’ அங்கே 4 கோடியோடு நின்றது. பெரிய ஹாலிவுட் நாயகர் எவரும் இல்லாமல் 3 கோடியில் எடுத்த ‘கிரேஸி ரிச் ஏசியன்ஸ்’ 2018இல் உலக அளவில் 23 கோடியைத் தாண்டியது. இரண்டு மூன்று படங்களால் எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் எதிர்த்தரப்பு நிரூபணமே கேட்காமல் பல தலைமுறைகள் முடிவெடுத்து வந்திருக்கிறது.

ஜப்பானியர்கள் கோபப்படவில்லை என்கிறீர்கள். அவர்கள் ஏன் கோபப்பட வேண்டும்? டோக்கியோவில் இருப்பவருக்குச் சொந்தத் திரையுலகம் உண்டு, அதில் எல்லா வேடமும் அவர் இனத்தவருக்கே. லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிப் பெண்ணுக்கு இருக்கும் ஒரே திரையுலகம் ஹாலிவுட். ‘ஷார்ட் சர்க்யூட்’ படத்தில் ஃபிஷர் ஸ்டீவன்ஸ் முகத்தில் மாநிறம் பூசி இந்தியராக நடித்ததைப் பற்றித் திருப்பூரில் யாருக்கும் கவலை இருந்திருக்காது, நமக்கு இங்கே எத்தனையோ நாயகர்கள். அங்கே வளர்ந்த இந்தியக் குழந்தைகள் திரையில் தங்களைத் தேடியபோது கிடைத்தது அந்தப் பூச்சுதான். கனடாவின் ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன், ஏறக்குறைய 15,000 பேர் முயன்ற பொதுத் தேர்வில் தேறி 2020இல் ஒரு அமெரிக்கத் தொடரின் நாயகியானார். அதற்கு முன் அவர் பெயருக்கு எந்த மதிப்பும் கிடையாது. வேடம் கொடுத்தார்கள், பெயர் வந்தது.

நடிப்பு என்பது இன்னொருவராக மாறுவது என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். அந்த உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டுமே இருந்தது என்பதே என் குறை. பால் முனி சீனராகலாம். அதே படத்தில் அன்னா மே வாங் சீன நாயகியாகக்கூட ஆக முடியவில்லை. ஹாலி பெய்லி விஷயத்தையும் இப்படியே பார்க்கிறேன். கடற்கன்னிக்கு நாடும் இனமும் கிடையாது, மோசஸுக்கு உண்டு. அதைவிட முக்கியமானது, ஒரு கடற்கன்னி வேடம் போனதால் வெள்ளை நடிகைகளுக்கு நாயகி வேடங்கள் இல்லாமல் போய்விடவில்லை. வாங்குக்கு ஓ-லான் போனபோது, அதைப் போன்ற இன்னொரு வேடம் அவர் வாழ்நாளில் வரவேயில்லை.